நீரில் உப்பு

இப்பிடித் தள்ளி உக்காருங்க. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும். இங்கன இருந்தா மத்தியானம் வரைக்கும் நெழலுதான். எனக்குத் தெரியும், இந்தப் பெஞ்சுல அஞ்சு மாசமா உக்காந்திருக்கேன்.

எனக்கு எத்தன மாசமா? நல்லாக் கேட்டிய. எனக்கு நாப்பத்தி நாலு வயசாச்சு. எம் மகளையே திருச்செந்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு. நான் எனக்கு வரல. அந்தா, வாசல் பக்கத்துல செவப்புப் பூப்போட்ட சேல கட்டிக்கிட்டு ஒருத்தி நிக்கா பாருங்க, கையில பைய வச்சுக்கிட்டு. அவ எங்க தம்பி பொண்டாட்டி. ஏழர மாசம். அவளுக்காகத்தான் வந்தேன்.

இல்ல, அவகூட வரல. அவ எட்டு மணி பஸ்ல வந்தா. நான் அதுக்கு அடுத்த பஸ்ல வந்தேன்.

எந்திரிக்காதிய. கூட்டமா இருக்குன்னு போயிராதிய. செவ்வாய்க்கிழமைன்னா ஆஸ்பத்திரி இப்பிடித்தான் இருக்கும், பிள்ளத்தாச்சிப் பொம்பளைய பூராவும் இன்னைக்குத்தான் வருவாவ. நேரமாகும், ஆனா பாத்துருவாவ. இவ்வளவு தூரம் வந்தாச்சு, பாத்துட்டே போங்க. நீங்க எந்த ஊரு? மேக்கயா? அப்ப அளம் பாத்திருக்க மாட்டிய. உப்பளத்தத்தான் நாங்க அளம்னு சொல்லுவோம். எனக்குப் பதினாறு வயசுலருந்து அளத்து வேலதான். பாத்தியில உப்ப வாரி வரப்புல போடுவாவ, அத நாங்க பெட்டியில அள்ளி, தலையில வச்சு, மேட்டுல கொண்டு கொட்டணும். மாசியில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும். மழ வந்தா வேல இல்ல. அவ்வளவுதான் அளம்.

எம் பேரு பிரம்மசக்தி. அவ பேரு சுயம்புக்கனி. கனின்னுதான் கூப்பிடுவோம். நான் கூப்பிடுவேன்னு வைங்க. அவ என்னயக் கூப்பிட மாட்டா. ஒண்ணர வருசமாச்சு அவ எங்கிட்டப் பேசி.

சண்ட எல்லாம் ஒண்ணும் இல்ல. சண்ட போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சோறு வைக்கா. கொழம்பு ஊத்துதா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல வச்சிட்டுப் போனா. ஒரு வார்த்த பேசல. நான் என்ன செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க. நான் உள்ளத உள்ளபடி சொல்லுதேன்.

எங்க தம்பி பேரு லிங்கத்துர. எங்க அம்ம போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு. நான்தான் வளத்தேன். எம் புருசன் எங்கள விட்டுட்டுப் போன பொறவு எம் மகளையும் அவனையும் சேத்து வளத்தேன். அவனும் அளத்துலதான், வாருற வேல. உடன்குடிப் பக்கம் பொண்ணு பாத்து நான்தான் கட்டி வச்சேன். கனி வந்தப்ப அளத்தக் கண்ணால பாத்ததில்ல. மொத நாளு வரப்புல நிக்கத் தெரியாம வழுக்கி விழுந்தா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். பெட்டிய எப்பிடித் தூக்கணும், கால எப்பிடி வைக்கணும், வெள்ள வெயில்ல கண்ண எப்பிடிச் சுருக்கிப் பாக்கணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. மைனி மைனின்னு பின்னாலயே வருவா. ‘மைனி, இது இப்பிடியா? மைனி, தண்ணி வேணுமா?’ அந்தக் கொரல் இருக்கே, அளத்துல நாலு பாத்தி தள்ளி நின்னாலும் கேக்கும்.

போன தடவ உண்டானது தை மாசம் தெரிஞ்சுது. நான்தான் இங்கனக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஆமா, நான்தான். பேரு பதிஞ்சாவ, ரத்தம் எடுத்தாவ, ஊசி போட்டாவ, சத்து மாத்திர குடுத்தாவ, கார்டு குடுத்தாவ. அதெல்லாம் நாங்க செய்யாம இல்ல. ஸ்கேனும் எடுத்தோம். பிள்ள நல்லாருக்குன்னாவ. நல்லாருக்குன்னு சொன்ன பொறவு மாசாமாசம் எதுக்கு? அதான் நான் கேட்டேன். அதுல என்ன தப்பு?

பங்குனி வந்துட்டுன்னா அளத்துல மூச்சு விட நேரம் இருக்காது. ஆறு பேரு ஒரு செட்டு. ஒருத்தி வரலைன்னா மத்த அஞ்சு பேரு தலையிலதான் அந்தச் சும ஏறும். ரெண்டு தடவ வரலைன்னா கங்காணி வேற ஆள வச்சிருவான். செவ்வாய்க்கிழம செவ்வாய்க்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா யாரு விடுவா? ‘மைனி, இன்னைக்கு வரச் சொல்லியிருக்காவ’ன்னு கேப்பா. ‘போன மாசம்தானேட்டி போனோம், அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்’னு நான் சொல்லுவேன். சரின்னுருவா. எதுத்துப் பேசுத பிள்ள இல்ல அவ. நானும் எம் மகள வயித்துல வச்சிருக்கும்போது ஒம்பது மாசம் வரைக்கும் சும தூக்குனவதான். அன்னைக்குக் காலையில அளத்துல வேல பாத்தேன், சாயங்காலம் பிள்ள பெத்தேன். யாரு எனக்குப் பிரஷர் பாத்தா? ஒருத்தரும் பாக்கல.

சித்திர, வைகாசி ரெண்டு மாசமும் போகல. ஆனியில கனிக்குக் கால் வீங்குச்சு. கால் வீங்காத பொம்பள எங்க அளத்துல யாரு இருக்கா? உப்புத் தண்ணியிலயே நின்னா வீங்காம என்ன செய்யும்? எனக்கும் வீங்கும். பார்லி வாங்கிக் காய்ச்சிக் குடுத்தேன். பொறவு மூஞ்சியும் கொஞ்சம் உப்புன மாதிரி இருந்துச்சு. பிள்ளத்தாச்சிக்கு மூஞ்சி அழகு வந்திருக்குன்னு எங்க செட்டுப் பொம்பளைய சொன்னாவ. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அழகாத்தான் இருந்தா.

அந்தச் சமயத்துலதான் எமில்டா சிஸ்டர் அளத்துக்கே வந்தாவ. இப்ப உள்ள இருக்காவளே, கண்ணாடி போட்டவிய, அவியதான் எங்க ஊரு நர்சு. கனி வரலைன்னு தேடிக்கிட்டு வெயில்ல ஸ்கூட்டிய வரப்பு முனையில போட்டுட்டு நடந்தே வந்தாவ. சாப்பிடுற கொட்டகையில வச்சு கையில பட்டையச் சுத்திப் பிரஷர் பாத்தாவ. ஒரு தடவ பாத்தாவ. பத்து நிமிசம் உக்கார வச்சுத் திரும்பவும் பாத்தாவ. சின்ன டப்பாவக் குடுத்து ஒண்ணுக்குப் பிடிச்சிட்டு வரச் சொன்னாவ. ஒரு சீட்ட அதுல முக்கிப் பாத்தாவ. பாத்துட்டு என்னயக் கூப்பிட்டாவ.

‘அக்கா, பிரஷர் கூட இருக்கு. யூரின்ல உப்பும் இருக்கு. வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. டாக்டரம்மா பாத்துட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களான்னு தெரியல. இனிமே இவ வெயில்ல நிக்கக் கூடாது’ன்னாவ.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உப்பளத்துல வேல பாக்குறவளுக்கு ஒண்ணுக்குல உப்பு இல்லாம சீனியா சிஸ்டர் இருக்கும்?’னு கேட்டேன்.

எல்லாரும் சிரிச்சுட்டாவ. கொட்டகையே சிரிச்சுது. கனியும் சிரிச்சா, வாயப் பொத்திக்கிட்டு. சிஸ்டர் சிரிக்கல. கனி கையப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாவ. தலவலி வந்தா, கண்ணு மங்குனா, மேல் வயிறு வலிச்சா அந்த நிமிசமே வரணும்னு விரல மடக்கி மடக்கிச் சொன்னாவ. நான் பக்கத்துலதான் நின்னேன். எங் காதுல விழுந்துச்சு. விழாம இல்ல.

வெள்ளிக்கிழம என்னாச்சுன்னா, மேக்க மேகம் கட்டி நின்னுச்சு. ஆனியில மழ பேஞ்சா அவ்வளவு உப்பும் கரஞ்சு போகும். விடியக்காலமே எல்லாரையும் வரச் சொல்லிட்டான் கங்காணி. மேட்டுல கொட்டுன உப்புக்கு ஓல போட்டு மூடணும். அன்னைக்கு ஒரு ஆளக் கொறச்சா முடியாது. ‘செவ்வாய்க்கிழம போவோம்ட்டி’ன்னேன். மழ பேயல, பாத்துக்கிடுங்க. ஒரு சொட்டு பேயல. மேகம் அப்பிடியே கடலுக்குப் போயிட்டு.

செவ்வாய்க்கிழமையும் போகல. அன்னைக்கு சிஸ்டர் போன் பண்ணுனாவ. கனி போன் எம் மடியிலதான் இருக்கும், வேல பாக்கும்போது விழுந்துரும்னு குடுத்து வச்சிருப்பா. ‘கனி எங்கக்கா? ஏன் வரல?’ன்னாவ. நான், ‘அவ அம்ம வீட்டுக்குப் போயிருக்கா சிஸ்டர், உடன்குடியில. அங்கயே பாத்துக்கிடுவா’ன்னேன். வேற என்ன சொல்ல? உண்மையச் சொன்னா மறுபடியும் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு வந்து நிப்பாவ. கங்காணி பாப்பான். கனிய வீட்டுக்கு அனுப்புன்னுருவான். ஒரு வார்த்ததான். அந்தப் பேச்ச முடிக்குததுக்காகச் சொன்ன ஒரு வார்த்த. கனிகிட்ட நான் அதச் சொல்லல. சொல்லுததுக்கு அதுல என்ன இருக்கு?

அதுக்குப் பொறவு தலவலின்னா. தைலம் தேச்சு விட்டேன். தெனமும் சொன்னா. தெனமும் தேச்சு விட்டேன். ஒரு நாளு, ‘மைனி, பாத்தி ரெண்டு ரெண்டாத் தெரியுது’ன்னா. ‘முக்காட்ட இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டுட்டி, வெயில் அடிக்கி’ன்னேன். எங்க அளத்துல பொம்பளைய பாதிப் பேருக்குக் கண்ணு மங்கல்தான். அந்த வெள்ளையப் பாத்துக்கிட்டே இருந்தா அப்பிடித்தான் ஆகும். கால் வீங்குததும் அளம்தான், தலவலியும் அளம்தான், கண்ணு கூசுததும் அளம்தான். அப்ப நான் எதப் பாத்துத் தனியா இது வேறன்னு கண்டுபிடிக்க? சொல்லுங்க.

ஆடி ஒம்பது. பத்து மணி இருக்கும். கனி எனக்கு முன்னால பெட்டியோட வரப்புல போறா. போனவ நின்னா. ‘ஏன்ட்டி நிக்கே?’ன்னேன். திரும்பல. பெட்டி சரிஞ்சுது. அவளும் சரிஞ்சா. ஓடிப் போய்ப் பாத்தா கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டு வாயில ரத்தம். நாங்க வலிப்புன்னு நெனச்சு கையில சாவிக் கொத்தக் குடுத்தோம். நின்னுச்சு. நின்னு மறுபடியும் வந்துச்சு.

நூத்தியெட்டுக்கு யாரோ போன் பண்ணுனாவ. வண்டி ரோட்டுல வந்து நின்னுட்டு. வரப்புல வராதுல்லா. தம்பி ஓடி வந்தான். ஓல மேல அவளப் படுக்க வச்சு நாலு பேரு தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தோம். நான் பக்கத்துலயே ஓடுனேன். அவ தலையில இருந்து உப்பு உதுந்துக்கிட்டே வந்துச்சு. வண்டியில ஒரு ஊசி போட்டாவ.

பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டர் பிள்ள. எம் மகளவிடச் சின்ன வயசு இருக்கும். ‘கார்டு எங்க?’ன்னுச்சு. வீட்டுல இருக்குன்னேன். ‘நீங்க யாரு இவங்களுக்கு?’ன்னுச்சு. மைனின்னேன். ‘தலவலின்னு சொன்னாங்களா?’ன்னுச்சு. சொன்னான்னேன். ‘எத்தன நாளா?’

‘பத்து நாளா’ன்னேன்.

‘பத்து நாளா’ன்னு அதையே திரும்பச் சொல்லுச்சு. சத்தம் போடல. திட்டல. திட்டியிருந்தாக்கூட நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன். திரும்பச் சொல்லிட்டு எழுதுச்சு. பிரஷர் நூத்தி எம்பதுன்னாவ. கீழ நூத்திப் பத்துன்னாவ. உடனே பிள்ளைய எடுக்கணும், இல்லன்னா ரெண்டு பேரும் இல்லன்னாவ. தம்பி கையெழுத்துப் போட்டான். அவன் பேரே வேற மாதிரி விழுந்துச்சு.

பொம்பளப் பிள்ள. ஒரு கிலோ நூத்தம்பது கிராம். ரெண்டு மாசம் முன்னாலயே பொறந்துட்டு. கண்ணாடிப் பெட்டியில வச்சாவ.

கனி பொழச்சுக்கிட்டா. ஆனா கண்ணு தெரியல. முழிச்சா, கண்ணத் திறந்து வச்சிருக்கா, ஒண்ணும் தெரியல. பிரஷர் மூளைக்கு ஏறுனதுல அப்பிடி, நாலஞ்சு நாள்ல திரும்பிரும், பயப்படாதியன்னு டாக்டர்மாரு சொன்னாவ. நாங்க நம்பல. அவ நம்புனா. மூணா நாளு சக்கர நாற்காலியில வச்சுப் பிள்ளகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனாவ. பெட்டியில கை விடுத மாதிரி ஒரு ஓட்ட இருக்கு. அங்க உள்ள நர்சு கனி கையக் கழுவி விட்டு, உள்ள கொண்டு போய்ப் பிள்ள கால்ல வச்சாவ. கனி விரலு மாதிரிதான் இருக்கு அந்தக் காலு. அவ்வளவுதான் இருக்கு. கனி தடவிக்கிட்டே இருந்தா. ‘மைனி, யாரு மாதிரி இருக்கா?’ன்னா.

‘ஒன்ன மாதிரிதான்’னேன்.

நான் பாக்கல. ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. அன்னைக்கு நான் அந்தப் பிள்ள மூஞ்சியச் சரியாப் பாக்கல. மூக்குல, வாயில எல்லாம் குழா. நான் சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அஞ்சா நாளு காலையில பிள்ள போயிட்டு. நுரையீரல் வளரலைன்னாவ.

தம்பி அந்த அஞ்சு நாளும் போன்ல பிள்ளைய போட்டோ எடுத்து வச்சிருந்தான். எட்டுப் போட்டோ. வராந்தாவுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தான். நான்தான் சொன்னேன். ‘ஏல, அழிச்சிரு. அவளுக்குக் கண்ணு வந்தா இதப் பாத்துப் பாத்தே செத்துருவா. பாக்காத மூஞ்சின்னா சீக்கிரம் மறந்துரும்’னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? நீங்க சொல்லுங்க. வீட்டுல மூத்தவ நான். யாராவது ஒருத்தர் அப்பிடி யோசிக்கணுமா இல்லையா? அவன் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். பொறவு ஒவ்வொண்ணா அழிச்சான். ஒரேயடியா அழிக்கத் தெரியல அவனுக்கு. ஒவ்வொண்ணா. அன்னைக்கு மத்தியானமே கொண்டு போய்ப் பொதச்சிட்டும் வந்துட்டான்.

ஆறா நாளு கனிக்குக் கண்ணு தெரிஞ்சுது. மொதல்ல, ‘சன்னல்ல வெளிச்சம் இருக்கு’ன்னா. பொறவு விரல எண்ணுனா. பொறவு, ‘பிள்ளைய ஒரு தடவ பாக்கணும்’னா. தம்பி அழுதுட்டான். அவ அழல. வெவரம் வெளங்கிட்டு அவளுக்கு. ‘போட்டோவக் காட்டுங்க’ன்னா. அவன் எடுத்தத அவளுக்குத் தெரியும். எடுக்கும்போது ‘டிக்’னு சத்தம் கேட்டிருக்கும்லா.

‘அழிச்சிட்டேன். அக்காதான் அழிக்கச் சொல்லுச்சு’ன்னான்.

அவ என்னயப் பாத்தா. அந்தப் பார்வைய என்னன்னு சொல்ல. திட்டுத பார்வையும் இல்ல. கண்ணு திரும்ப வந்தவ மொதமொதல்ல நல்லா உத்துப் பாத்தது என்னயத்தான்.

அப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. தண்ணி குடுங்க, சேலைய எடுங்கன்னு ஒண்ணு ரெண்டு வார்த்த. வீட்டுக்கு வந்து பத்து நாளு இருக்கும், எமில்டா சிஸ்டர் வந்தாவ. விசாரிச்சு எழுதணுமாம், பிள்ள ஏன் போச்சுன்னு. நானும் அவியளும் வாசல்ல இருக்கோம். கனி உள்ள படுத்திருக்கா. தேதி தேதியாக் கேட்டாவ, நான் சொன்னேன். கடைசியில பேனாவ மூடிட்டு, ‘அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்களேக்கா. அன்னைக்கு நான் அளத்துக்கு வர வண்டிய எடுத்துட்டேன். நீங்க சொன்னதக் கேட்டு நிறுத்திட்டேன்’னாவ. அவிய அழுதாவ. யூனிபார்மோட உக்காந்து அழுதாவ. நான் அழல. எனக்கு வரல.

உள்ள கனிக்குக் கேட்டிருக்கு.

அவ்வளவுதான். அன்னையில இருந்து மைனிங்கிற வார்த்த எங்க வீட்டுல இல்ல. அந்த வீட்டுல நான் இருக்கேன், அவளும் இருக்கா. ஒருத்தர ஒருத்தர் இடிக்காம நடக்கப் பழகிட்டோம்.

இந்தத் தடவ உண்டானத அவ எங்கிட்டச் சொல்லல. மொதல்ல சிஸ்டர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கா. பொறவு தம்பிகிட்ட. தம்பி எங்கிட்டச் சொன்னான், எங்கயோ பாத்துக்கிட்டு. அன்னையில இருந்து அவ அளத்துக்கு வரல. நானும் வான்னு கேக்கல. தெனமும் சாயங்காலம் சின்னதா ஒரு மாத்திர போடுதா. பிரஷர் வராம இருக்க டாக்டரம்மா குடுத்ததாம், தம்பி சொன்னான். இங்க வர வேண்டிய நாள சொவத்துல எழுதி வச்சிருக்கா, அடுப்புக்கு மேல, கரியால. ஒரு நாளு விடல. போன மாசம் ஊர்க் கோயில் கொட, அன்னைக்கும் வந்தா. பஸ் இல்லாம நடந்து வந்தா. நான் பின்னால நடந்து வந்தேன், கொஞ்சம் தள்ளி. திரும்பிப் பாக்கல. ஆனா தண்ணித் தொட்டிகிட்ட நிக்கும்போது நான் வந்து சேருற வரைக்கும் நின்னா. அது எனக்காகத்தானா, இல்ல அவளுக்கு மூச்சு வாங்குச்சான்னு எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழம நான் வேலைக்குப் போறதில்ல. கங்காணி திட்டுதான். திட்டட்டும். என்னோட எடத்துக்கு வேற ஆள வச்சிட்டான், மத்த நாளும் எப்பக் கூப்பிடுதானோ அப்பத்தான். அது கெடக்கு.

இந்தப் பெஞ்சு சன்னலுக்குக் கீழ இருக்குல்லா. உள்ள சிஸ்டர் எல்லாப் பிள்ளத்தாச்சியளுக்கும் சொல்லுதது இங்கன நல்லாக் கேக்கும். ஒவ்வொரு தடவையும் சொல்லுவாவ, புதுசா வாறவியளுக்காக. யூரின்ல உப்புன்னா நாம திங்குற உப்பு இல்லையாம். பேருதான் அப்பிடியாம். ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து ஒண்ணுக்குல எறங்கிப் போகுதாம். பிரஷரு கூடுனா அது ஒரு அடையாளமாம். கால் வீக்கம், தலவலி, கண்ணு மங்கல் எல்லாம் அதோட சேந்ததாம். அளத்துல வேல பாத்தாலும் பாக்காட்டாலும் வருமாம். சிலருக்கு ஒண்ணும் தெரியாமலேயே கூடுமாம், பட்டையச் சுத்திப் பாத்தாத்தான் தெரியுமாம். அதுக்குத்தான் நல்லாருந்தாலும் வாங்க வாங்கன்னு கூப்பிடுதாவளாம்.

அன்னைக்கே இப்பிடி வெளக்கமாச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். நான் என்ன புரியாதவளா?

சொன்னாவளோ என்னமோ. நாங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஒங்களுக்கு எத்தன மாசம்? ஆறா? தலவலி உண்டுமா? இல்லையா? நல்லது. இருந்தாலும் கைய நீட்டி அந்தப் பட்டையச் சுத்திட்டுத்தான் போகணும். பஸ் போனா அடுத்த பஸ் இருக்கு.

அந்தா, கனியக் கூப்பிட்டாச்சு. உள்ள போறா. ஒங்க பேரையும் கூப்பிடுதாவ பாருங்க, இப்ப ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுதாவ. உள்ள அவ பக்கத்துலதான் ஒங்கள உக்கார வைப்பாவ.

இருங்க, ஒரு நிமிசம். எனக்கு நீங்க ஒண்ணு செய்யணும். சிஸ்டர் பிரஷர் பாத்துட்டு சத்தமாச் சொல்லித்தான் எழுதுவாவ. ஆனா இன்னைக்குக் கூட்டத்துல எனக்கு இங்கன கேக்காது. எவ்வளவுன்னு மட்டும் காதுல வாங்கிட்டு வந்து சொல்லுங்க. மேல உள்ளது எவ்வளவு, கீழ உள்ளது எவ்வளவு, ரெண்டும் வேணும். போன தடவ நூத்தி இருவத்தாறு, எம்பத்தி நாலு. அதுக்கு முந்தி நூத்தி இருவது, எம்பது. அதுக்கு முந்தி நூத்திப் பதினெட்டு, எம்பது. கூடிக்கிட்டே வருது. நூத்தி நாப்பதத் தாண்டக் கூடாது, கீழ தொண்ணூறத் தாண்டக் கூடாது.

நான் கேட்டதாச் சொல்லாதிய. கேட்டா, வெளிய யாரும் இல்லன்னு சொல்லிருங்க.

போங்க, போங்க. செருப்ப இங்கனயே விடுங்க. அவ செருப்பும் இங்கதான் கெடக்கு. நான் பாத்துக்கிடுதேன்.